ஒரே ஒரு வளையம் பாக்கி

பத்து நாளாக அந்த மாடி அறையில் யாரும் நிமிர்ந்து நடக்கவில்லை. நடக்கவும் முடியாது. சுவரிலிருந்து சுவருக்குப் பன்னிரண்டு துணிக்கொடிகள். கொடிகளில் கிளிப் போட்டு மாட்டிய அட்டைகள், மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. போதாக்குறைக்கு அட்டைக்கும் அட்டைக்கும் நடுவே குறுக்கும் நெடுக்குமாகச் சிவப்பு நூல். தண்ணீர் குடிக்கப் போகிறவர் குனிந்துதான் போகவேண்டும், ஜன்னலைத் திறக்கப் போகிறவர் தவழ்ந்துதான் போகவேண்டும். கீழே தையற்கடை வைத்திருக்கும் அம்மாள் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, எட்டுக்கால் பூச்சிக்கு ரூமை வாடகைக்கு விட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். கேட்டதோடு விட்டாளா? தன்னிடம் வாங்கின நூல்கண்டை எப்போது திருப்பித் தருவீர்கள் என்றும் கேட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

அவளுக்கு இவள் அண்ணி இல்லைதான். ஆனால் ஒரு நாத்தனார் நாள் முழுக்க 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் ஊருக்கே அண்ணி ஆகாமல் வேறென்ன ஆவது? தையற்காரம்மா, கூரியர்க்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். அந்த நாத்தனாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: ஜட்ஜம்மா. சின்ன வயதில் கேரம் ஆடும்போது தன் காய் விரல் பட்டு நகர்ந்தால்கூடத் தானே எழுந்து தோற்றுப்போனதாக அறிவிக்கிற பிறவி. அன்றைக்கு அவள் அண்ணன் வைத்த பெயர் இன்றைக்கு வரைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டு பெண்களும் சேர்ந்து இரண்டரை வருஷமாக ஒரு புதுக் கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மொழியில் எழுதினதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கம்பைலர் ஜட்ஜம்மாவின் வேலை. மொழியோடு கூடவே இலவசமாகக் கொடுக்கிற தயார்க் கட்டளைகளின் தொகுப்பு, அதாவது லைப்ரரி, அண்ணியின் வேலை: பட்டியலை வரிசைப்படுத்து, இன்றைய தேதி சொல், கோப்பைத் திற, வாக்கியத்தைத் துண்டாக்கு என்று இப்படி நானூற்றுப் பன்னிரண்டு. இத்தனையும் எழுதி முடித்தபோதுதான் தெரிந்தது, எல்லாம் ஒரே குவியலாகக் கிடக்கிறது என்று. மொழியை ஆசையாகப் பயன்படுத்திப் பார்த்த ஒருவர் கடிதம் போட்டிருந்தார்: "உங்கள் மொழி அபாரம். ஆனால் ஒரு கட்டளையைத் தேடி எடுப்பதற்குள் என் காபி ஆறிவிடுகிறது."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. எனவே எல்லாவற்றையும் வகை பிரித்துப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டவேண்டும். தொழிலில் பேக்கேஜ் என்பார்கள், அண்ணிக்கு அது பொட்டலம்தான். அதையும் முதல் வெளியீட்டுக்கு முன்னாலேயே கட்டவேண்டும். வெளியிட்ட பிறகு ஒரு கட்டளையை இடம் மாற்றினால், அதை நம்பி ஊரெல்லாம் எழுதிவைத்த புரோகிராம்கள் அத்தனையும் படுத்துவிடும்.

அந்த நேரம் பார்த்து ஜட்ஜம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. தூரத்து ஊரில் பெரிய கம்பெனி, பெரிய வேலை, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வருகிறாயா இல்லையா என்று பதில் சொல்லவேண்டும். சாப்பாட்டு மேஜையில் அதை வாசித்துக் காட்டிவிட்டு அவள் தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள நம்ம லைப்ரரி முழுசா கம்பைல் ஆச்சுன்னா இருக்கேன். ஆகலைன்னா போறேன். சொந்தக் கம்பைலரே ஏத்துக்காத லைப்ரரியை வெச்சுக்கிட்டு நாம எதுக்கு மொழி நடத்தணும்?"

மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அவ இஷ்டம்" என்றார்.

அண்ணிக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்ததில் முக்கால்வாசி இந்த நாத்தனாரோடு சிரித்ததுதான். போகாதேடி என்று கேட்கத் துடித்தாள். எப்படிக் கேட்பது? இந்த மாடி அறையில் ஆட்டம் காண்கிற நாற்காலியில் உட்கார வைப்பதற்காக, தேடி வந்த வேலையை விடு என்று எந்த அண்ணியாவது கேட்பாளா? கேட்கிற வாயை மூடிக்கொண்டு, மறுநாள் காலையிலேயே கணவரின் கடையிலிருந்து காலி மருந்துப் பெட்டிகளைச் சுமந்துவந்து அட்டை அட்டையாக வெட்ட உட்கார்ந்துவிட்டாள். அட்டையின் ஒரு பக்கம் 'நேரத்தைக் காட்டு'. திருப்பினால் 'உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்'.

பிரிப்பது என்ன பெரிய வித்தை என்று கேட்பீர்கள். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்! அகர வரிசையில் போட்டார்கள். 'எடு' என்று ஆரம்பிக்கிற கட்டளை மட்டும் தொண்ணூற்று நாலு வந்து ஒரே கொடியில் சேர, அந்தக் கொடி அறுந்து விழுந்தது. பிறகு அண்ணி வேறு வழி பிடித்தாள். வருகிற போகிற ஆள் கையிலெல்லாம் ஓர் அட்டையைத் திணித்து, "இது வேணும்னா நீங்க எந்தக் கொடில தேடுவீங்க?" என்று கேட்டாள். கூரியர்க்காரர் கையெழுத்து வாங்க வந்தவர், பதினேழு அட்டையை மாட்டிவிட்டு, அடுத்த வீட்டுப் பார்சலை மறந்துவைத்துவிட்டுப் போனார். தையற்காரம்மா 'துண்டாக்கு' அட்டையைப் பார்த்துவிட்டு, "கத்தரிக்கோல் எங்க இருக்கோ அங்க" என்றாள். கத்தரிக்கோல் என்று ஒரு பொட்டலம் போடலாமா என்று அண்ணி ஒரு மணி நேரம் நிஜமாகவே யோசித்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 'இதர' என்று ஒரு கொடி கட்டலாமே என்று அவள் வாயெடுத்ததும் ஜட்ஜம்மா, "இதரன்னு ஒண்ணு கட்டினா மத்த பதினொண்ணும் காலியாயிடும், அண்ணி. எல்லாரும் அங்கதான் கொண்டுபோய்க் கொட்டுவாங்க" என்று ஒரே போடாகப் போட்டாள்.

'தேதியை எழுத்தாக்கு' என்ற ஓர் அட்டைக்கு மட்டும் இரண்டு நாள் சண்டை. அது நேரம் கொடிக்கா, எழுத்துக் கொடிக்கா? மதியச் சாப்பாட்டுக்கு வந்த அண்ணன்காரர் நாட்டாமை பண்ணப் பார்த்தார்.

"ரெண்டுலயும் ஒண்ணு ஒண்ணு மாட்டிட்டுப் போங்களேன். இதுக்குப் போய் அடிச்சுக்கறீங்க."

"ஏன் அண்ணா, ஒரே மருந்தை ரெண்டு அலமாரில வெச்சு, ஒண்ணு காலாவதியானதும் தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணை மறந்துட்டா?"

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே அதிர்ச்சியில் எழுந்தவர் குனிய மறந்து கழுத்தை நூலில் கொடுத்து, காபித் தம்ளரோடு மூன்று பொட்டலங்களை இழுத்துக்கொண்டு சரிந்தார். 'கோப்பை மூடு' அவர் மூக்கில் கிளிப்போடு தொங்கியது. இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கீழே தையல் மெஷின் நின்றுபோனது.

அந்தச் சிவப்பு நூல் எதற்கு என்று சொல்லவில்லையே! ஒரு பொட்டலம் இன்னொரு பொட்டலத்திலிருந்து கட்டளை கடன் வாங்கலாம். வாங்கினால் அங்கிருந்து இங்கே ஒரு நூல். ஆனால் கொடுத்தவன் வாங்கினவனிடமே திரும்பக் கடன் வாங்கக் கூடாது. நேராகவும் கூடாது, சுற்றி வளைத்தும் கூடாது. எதை முதலில் தயார் செய்வது என்று தெரியாமல் போய்விடுமாம். நூலை விரலால் தடவிக்கொண்டே போய்ப் புறப்பட்ட கொடிக்கே வந்து சேர்ந்தால் அது வளையம். வளையம் ஒன்று இருந்தாலும் கம்பைலர் மொத்தத்தையும் தூக்கி வீசிவிடும். அந்தச் சட்டத்தை எழுதி வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? வேறு யார், ஜட்ஜம்மாதான்.

திங்கட்கிழமை ஒன்பது வளையம் இருந்தது. புதன்கிழமை ஐந்து. ஒவ்வொன்றும் அறுந்தபோது இரண்டு பேரும் கொடிக்கு அடியில் குனிந்தபடியே கை தட்டி ஓர் ஆட்டம் போட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஒரே ஒரு வளையம்தான் பாக்கி. அதுவோ, அறுக்க வருகிற கையையே கடிக்கிற வளையம்.

நேரம் தன் தேதியை அச்சிட எழுத்திடம் போய் நிற்கிறது. எழுத்து, யாராவது கன்னாபின்னா என்று எதையாவது கொடுத்தால் புகார் சொல்லப் பிழையிடம் போய் நிற்கிறது. பிழையோ, தப்பு எத்தனை மணிக்கு நடந்தது என்று முத்திரை குத்த நேரத்திடம் வந்து நிற்கிறது. மூன்று பேரும் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள்.

அண்ணி அட்டையை இங்கிருந்து அங்கே மாற்றினாள். வளையம் சின்னதாச்சு, போகவில்லை. அங்கிருந்து இங்கே மாற்றினாள். பெரிதாச்சு. மூன்றையும் பிடித்து ஒரே கொடியில் போட்டாள்.

"இது ஒரே பொட்டலம். பேரு நேர எழுத்துப் பிழை. எப்படி?"

ஜட்ஜம்மா சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துத் தண்ணீர் குடித்தாள். "அது பொட்டலம் இல்லை, அண்ணி. மூட்டை. அவுத்துத் தொங்க விடுங்க."

மணி மூன்றே முக்கால். அண்ணி கடைசி ஆயுதத்தை எடுத்தாள்.

"ஏய், அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தேன். ஒரே ஒரு வளையத்துக்கு மட்டும். நம்ம வீட்டு வளையம்தானே?"

"முடியாது."

"உன் அண்ணியா கேக்கறேன்."

"கம்பைலருக்கு அண்ணி, அத்தை எல்லாம் கிடையாது. இன்னைக்கு நமக்காக ஒண்ணு விட்டா, நாளைக்கு ஊரே வளையம் போடும்."

தலைகீழாக நின்றாலும் இவள் மசியமாட்டாள் என்று அண்ணிக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டதற்கு அவளுக்கே தன்மேல் எரிச்சலாக வந்தது. நாலே கால் மணிக்கு, நூல் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தையற்கடையில் துணிக்குவியலுக்குப் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினாள். தையற்காரம்மா ஒரு துண்டுத் துணியை எடுத்துக் கொடுத்து, "தொடைச்சுக்கோங்க, அது வெறும் லைனிங்தான்" என்றாள்.

நாலரை தாண்டி அண்ணி மேலே வந்தபோது ஜட்ஜம்மா தன் மேஜையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

"அண்ணி, சின்னதா ஒண்ணு மாத்தினேன். ஓட்டிப் பாருங்க."

"என்ன மாத்தினே?"

"ஓட்டுங்களேன்!"

அண்ணி ஓட்டினாள். திரையில் ஒவ்வொரு வரியாக வந்தது. எண், சரி. பட்டியல், சரி. கோப்பு, சரி. அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எழுத்து, சரி. நேரம், சரி. பிழை... பிழை அரை விநாடி யோசித்தது. சரி! பன்னிரண்டும் சரி!

அப்புறம் நடந்ததை எழுத்தில் சொல்வது கஷ்டம். அண்ணி கத்தின கத்தலில் ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்திருந்த புறா பறந்துபோனது. நாத்தனாரை நாற்காலியோடு சுற்றினாள். நாற்காலியின் ஒரு சக்கரம் கழன்று ஓடியது, ஓடட்டும். குனியவேண்டும் என்பதையே மறந்து நட்டநடுவே நின்று குதித்தாள். கொடி ஆடியது, அட்டைகள் பறந்தன. கணவருக்குப் போன் போட்டு, "என்னங்க, ஆயிடுச்சு! ஆயிடுச்சுங்க! கடையை மூடிட்டு வாங்க!" என்று அலறினாள். எதிர்முனையில் ஷட்டரை இழுக்கிற சத்தம்தான் கேட்டது. ஜட்ஜம்மாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் அண்ணி முகத்தைப் பார்க்காமல் சிரித்தாள்.

இரண்டு சுற்றுச் சுற்றினதில் அண்ணியின் இடுப்பில் நூல் மாட்டிக்கொண்டது. அதை விடுவிக்க விரலால் பிடித்துத் தடவிக்கொண்டே போனாள். நேரம் கொடியிலிருந்து எழுத்துக்குப் போனது. எழுத்திலிருந்து பிழைக்கு. பிழையிலிருந்து... நேரத்துக்கு.

விரல் புறப்பட்ட இடத்திலேயே நின்றது. அண்ணியின் சிரிப்பும் நின்றது.

வளையம் கல்லுக்குண்டு மாதிரி அப்படியே இருக்கிறது! அப்படியானால் எப்படி ஏற்றுக்கொண்டது? ஜட்ஜம்மா இப்போது ஜன்னலுக்கு வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு காலி மொட்டைமாடியைத் தவிர ஒன்றுமில்லை.

அண்ணி கம்பைலரின் மாற்றக் குறிப்பைத் திறந்தாள். யார், எப்போது, எந்த வரியை, எதற்காக மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகும். ஒரு கமாவை நகர்த்தினால்கூட எதற்காக என்று அரைப்பக்கம் காரணம் எழுதுகிறவள் ஜட்ஜம்மா. கடைசிக் குறிப்பு மணி 4:31. மாறின வரி ஒன்றே ஒன்று, வளையம் இருக்கிறதா என்று பார்க்கிற வரி. அதை அணைத்துவைத்திருந்தாள். காரணம் எழுதவேண்டிய இடத்தில் வெறும் ஒரு புள்ளி.

அண்ணிக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது, மறைப்பானேன். பேசாமல் மூடிவைத்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? பன்னிரண்டும் சரி என்று திரை சொல்கிறது, நாத்தனார் இருப்பாள், நாளைக் காலையில் இதே கொடிக்கு அடியில் இரண்டு பேரும் குனிந்து நடப்பார்கள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதானே?

அப்போதுதான் அந்தப் புள்ளி அவளுக்கு உறைத்தது. கேரம் காய் அசைந்ததற்கே தோற்றுப்போனவள், அண்ணியாகக் கேட்டும் அசையாதவள், யாரும் பார்க்காதபோது திருட்டுத்தனம் பண்ணியிருக்கிறாள். எதற்காக? போகாமல் இருப்பதற்காக! அடிப் பாவி, உனக்கும் போக மனசில்லையா! அண்ணிக்குச் சந்தோஷம் நெஞ்சை முட்டியது. பன்னிரண்டு 'சரி' வந்தபோது வந்த சந்தோஷமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

உட்கார்ந்தவள் என்ன செய்தாள் தெரியுமா? அந்த வரியைத் திரும்ப உயிர்ப்பித்தாள். ஓட்டினாள். திரை முழுக்கச் சிவப்பு.

ஜட்ஜம்மா பாய்ந்து வந்தாள். "என்ன பண்றீங்க அண்ணி! பைத்தியமா உங்களுக்கு? மணி அஞ்சாகப் போகுது! ஆகலைன்னா நான் போகணும், தெரியும்ல?"

"தெரியும். ஆகலை. நல்லாப் பாத்துக்கோ, லைப்ரரி ஆகலை" என்றாள் அண்ணி. பத்து நாளாக அடக்கிவைத்தது வெளியே வந்துவிட்டது. "ஆகலைன்னாலும் போகாதே. லைப்ரரிக்காக இல்லை, மொழிக்காக இல்லை. நீ இல்லாம என்னால இருக்க முடியாதுடி. எனக்காகப் போகாதே."

ஜட்ஜம்மாவுக்குக் கண் இரண்டும் நிறைந்துவிட்டது. அழுகிறாளா, கோபமா என்று அண்ணிக்குப் புரிவதற்குள் பொரிந்து தள்ளினாள்.

"இதை அன்னைக்கே கேட்டிருக்கக் கூடாதா? பத்து நாள்! நீங்க கேப்பீங்க கேப்பீங்கன்னு பத்து நாளா அட்டையை மாட்டிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கேன். நீங்க என்னடான்னா கத்தரிக்கோல்ங்கறீங்க, மூட்டைங்கறீங்க. கடைசில என்னைத் திருடியாக்கிட்டீங்களே அண்ணி!"

"நீ இருக்கறேன்னு சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"யாராவது இருன்னு சொன்னாத்தானே இருக்கறேன்னு சொல்ல முடியும்!"

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. ஜட்ஜம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சக்கரம் போன நாற்காலி அவளைத் தரையில் கவிழ்த்தது. எழுந்திருக்காமல் கீபோர்டை மட்டும் மடியில் எடுத்துவைத்துக்கொண்டு, அந்தக் கம்பெனிக்கு இரண்டே வரியில் மன்னிப்புக் கேட்டு, வரவில்லை என்று எழுதி அனுப்பினாள். மணி 4:57. அண்ணி அந்த இரண்டு வரியை நாலு தடவை வாசித்தாள்.

படியில் தடதடவென்று சத்தம். அண்ணன்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார், கக்கத்தில் மூன்று சோடா பாட்டில். அறையைப் பார்த்தார். அட்டையெல்லாம் தரையில், நூலெல்லாம் மனைவி இடுப்பில், தங்கை கீபோர்டைக் கட்டிக்கொண்டு தரையில் கிடக்கிறாள், திரையில் ஒரே சிவப்பு.

"ஆயிடுச்சுன்னு சொன்னே?" என்றார் மனைவியிடம்.

"ஆகலைங்க."

"ஆகலையா?"

"சுத்தமா ஆகலை. வளையம் அப்படியே இருக்கு" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தாள். தங்கையும் சேர்ந்துகொண்டாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டில்களை ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார். மூன்றாவதை வைத்தபோது அது உருண்டது, அவர் பிடிக்கவில்லை. அந்த ஊரில் வீடு பார்க்கவேண்டும், பெட்டி இரண்டாவது வேண்டியிருக்கும், நல்ல போர்வையாக ஒன்று வாங்கவேண்டும் என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனார்.

"அண்ணா, நான் போகலை. எழுதிப் போட்டுட்டேன்" என்றாள் தங்கை.

"போகலையா?"

"போகலை."

அவர் அப்படியே அட்டைகளின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், மறுபடி துடைத்தார். துடைத்து முடிகிறபாடாக இல்லை. கடைசியில் அதைப் போட்டுக்கொள்ளாமலேயே, நல்ல வேளை, நல்ல வேளை என்று சொல்லித் தங்கையின் தலையில் ஒரு குட்டு வைத்தார்.